மேல் நினைவகமும் வன்தட்டு இயக்கிகளும்: எம்எஸ்-டாஸ் கணினிகளில் முகவரி மோதலைக் கண்டறிதல்

எம்எஸ்-டாஸ் 5 அல்லது 6 இயங்கும் பழைய கணினியில் கோப்பகப் பட்டியலின் நடுவே பொருளற்ற எழுத்துகள் தோன்றினாலோ, நன்றாக இயங்கிவந்த நிரல் பாதியில் உறைந்து நின்றாலோ, படியெடுத்த கோப்பு மூலக்கோப்போடு ஒத்துப்போகாவிட்டாலோ, வன்தட்டு தேய்ந்துவிட்டது என்றே பெரும்பாலும் முடிவு கட்டப்படுகிறது. முப்பது ஆண்டுகளைக் கடந்த தட்டு தேய்ந்திருக்க வாய்ப்புண்டு என்பது மெய்யே. ஆயினும் தட்டில் எந்தக் குறையும் இல்லாதபோதும், அதை இயக்கும் இயக்கி நிரலும் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் நினைவக மேலாளரும் ஒரே முகவரிப் பகுதியைத் தமதாகக் கருதினால், இதே அடையாளங்கள் அப்படியே தோன்றும். இந்த இரண்டு நிலைகளுக்கும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை என்பதால் இவற்றைப் பிரித்தறிவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

செக்டிஸ்க் நிரலை /எஃப் விருப்பத்துடனோ டாஸ் 6.2இல் வந்த ஸ்கேன்டிஸ்க் நிரலையோ ஓட்டும்போது, அவை தட்டிலுள்ள கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையை, அதாவது எந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்பதற்கான பதிவேட்டை, நினைவகத்துக்குள் வாசித்து, முரண்பாடு தெரிந்தால் திருத்தித் திரும்ப எழுதுகின்றன. தட்டில் அட்டவணை செம்மையாக இருந்து, நினைவக மோதலால் வாசிப்பு மட்டும் கெட்டுப்போயிருந்தால், அக்கருவிகள் நல்ல அட்டவணையின் மேல் குப்பையைத் திருத்தமென்று எழுதிவிடும். அதுவரை வெறும் தோற்றமாக இருந்த சேதம் அந்த நொடியில் உண்மையாகிவிடும். ஆகவே நினைவகம் பற்றிய ஐயம் தீரும்வரை, ஐயத்துக்குரிய அமைப்பில் இயங்கும் கணினியிலிருந்து வன்தட்டில் ஒரு பைட்டும் எழுதப்படலாகாது என்பதைக் கண்டிப்பான விதியாகக் கொள்ள வேண்டும்.

குறியீட்டைப் பற்றிய ஒரு விளக்கமும் இங்கே தேவைப்படுகிறது. நினைவக முகவரிகள் பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் எழுதப்படுகின்றன. அம்முறையில் பத்து முதல் பதினைந்து வரையிலான மதிப்புகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் ஆகிய எழுத்துகள் குறிக்கும். இவ்வத்தியாயத்தில் அவ்வெழுத்துகளும் கட்டளைப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் உள்ளிடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும்.

முகவரி வெளியின் அமைப்பு

1981இல் வெளிவந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரின் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் இருந்தமையால், அது எட்டக்கூடிய நினைவகம் 10,48,576 பைட்டுகள், அதாவது ஒரு மெகாபைட், என்ற அளவோடு நின்றது. அதில் கீழுள்ள 640 கிலோபைட் நிரல்களுக்கு விடப்பட்டது. இதற்கு மரபு நினைவகம் என்று பெயர். ஏ0000 முகவரியில் தொடங்கும் எஞ்சிய 384 கிலோபைட், விரிவாக்க அட்டைகளுக்கும் கணினியின் நிரந்தர நினைவகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. இந்த மேற்பகுதியே மேல் நினைவகம் எனப்படுவது. வன்தட்டு மோதல்கள் பெரும்பாலானவற்றுக்கு இதுவே களம்.

விஜிஏ திரை அட்டை உள்ள கணினியில் ஏ0000 முதல் பிஎஃப்எஃப்எஃப்எஃப் வரை திரைக்கான நினைவகமும், சி0000 முதல் பெரும்பாலும் 32 கிலோபைட் அளவுக்குத் திரை அட்டையின் பையாஸ் நிரலும், எஃப்0000 முதல் உச்சிவரை கணினியின் சொந்த பையாஸும் அமர்ந்திருக்கும். இடையிலுள்ள சி8000 முதல் இஎஃப்எஃப்எஃப்எஃப் வரையிலான வெளியில்தான் வன்தட்டு அட்டைகளும், வலையமைப்பு அட்டைகளும், இஎம்எஸ் எனப்படும் விரிவு நினைவக முறைக்குத் தேவையான 64 கிலோபைட் சாளரமும் இடம் தேடுகின்றன. ஐபிஎம் எக்ஸ்டியின் வன்தட்டு அட்டை சி8000இல் தன் பையாஸை வைத்தது முதல் அவ்விடம் தட்டு அட்டைகளின் வழக்கமான இருப்பிடமாயிற்று. அடாப்டெக் நிறுவனத்தின் ஏஹெச்ஏ-1542பி போன்ற ஸ்கஸி அட்டைகளோ தொழிற்சாலை அமைப்பில் டிசி000 முகவரியை எடுத்துக்கொண்டன.

அட்டையிலுள்ள பையாஸ் நிரல் தன்னை அறிவித்துக்கொள்ளும் முறை எளியது. அதன் முதல் இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்ற அடையாளக் குறிகளாக இருக்கும். மூன்றாவது பைட், நிரலின் நீளத்தை 512 பைட் அலகுகளில் சொல்லும். அப்பைட் 10 என்றால் 8 கிலோபைட், 20 என்றால் 16 கிலோபைட், 40 என்றால் 32 கிலோபைட் என்று கொள்ள வேண்டும், ஏனெனில் இவையும் பதினாறடிமான எண்களே. டாஸுடன் வரும் டீபக் நிரலைத் தொடங்கி, டி சி800:0 என்று உள்ளிட்டால் அந்த முகவரியில் உள்ளவை திரையில் தோன்றும்; கியூ என்ற எழுத்து நிரலிலிருந்து வெளியேற்றும். இந்தச் சோதனை நினைவக மேலாளர் ஏற்றப்படாத நிலையில் செய்யப்பட வேண்டும். மேலாளர் ஏறியபின், டீபக் காண்பது அட்டையின் நிரலையன்று, அதன்மேல் போர்த்தப்பட்ட வேறு நினைவகத்தையாக இருக்கலாம்.

நினைவக மேலாளர் செய்யும் மாற்றம்

1991இல் வந்த டாஸ் 5இல், ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 ஆகிய இரண்டு நிரல்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. ஹைமெம் ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள நீட்டிப்பு நினைவகத்தை நிருவகிக்கிறது. இஎம்எம்386, 80386 செயலியின் பக்கமுறையைப் பயன்படுத்தி, நீட்டிப்பு நினைவகத்திலிருந்து 4 கிலோபைட் பக்கங்களை எடுத்து, மேல் நினைவகத்தில் காலியாகத் தெரியும் முகவரிகளில் தோன்றச் செய்கிறது. இவ்வாறு உண்டான இடம் மேல் நினைவகத் தொகுதி எனப்படும். டிவைஸ்ஹை, லோட்ஹை ஆகிய கட்டளைகள் இயக்கிகளையும் நிலைத்தங்கு நிரல்களையும் அங்கே ஏற்றி, மரபு நினைவகத்தை விடுவிக்கின்றன. 640 கிலோபைட்டுக்குள் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்த காலத்தில் இது பெரும் விடுதலையாகவே இருந்தது. டாஸ் 6இல் வந்த மெம்மேக்கர் நிரல் அவ்வேலையைத் தானாகவே செய்து தந்ததால், தம் கணினியில் எது எங்கே ஏறியிருக்கிறது என்பதை அறியாமலே அதைப் பயன்படுத்தியோர் பலர்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு அனுமானங்கள் மறைந்திருக்கின்றன. காலியாகத் தெரியும் முகவரி உண்மையிலேயே காலி என்பது ஒன்று. நிரல் காணும் முகவரியும் மின்சுற்றுகள் காணும் முகவரியும் ஒன்றே என்பது மற்றொன்று. இவற்றில் எது பொய்த்தாலும் வன்தட்டு கெட்டதுபோல் நடந்துகொள்ளும்.

முதல் வகை மோதல்: காலியல்லாத காலியிடம்

இஎம்எம்386 தொடங்கும்போது மேல் நினைவகத்தைத் துழாவி, 55 ஏஏ அடையாளம் உள்ள இடங்களை விலக்கிவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லா அட்டைகளும் தம் இருப்பை இவ்வாறு அறிவிப்பதில்லை. சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-01, எஸ்டி-02 ஸ்கஸி அட்டைகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவை தட்டோடு பேசுவதற்குத் தனி உள்ளீட்டு வாயில்களைப் பயன்படுத்தாமல், தம் கட்டுப்பாட்டுப் பதிவகத்தையும் தரவுப் பதிவகத்தையும் நினைவக முகவரிகளாகவே வைத்திருக்கின்றன. சி8000இல் அமைந்த அட்டையில் கட்டுப்பாட்டுப் பதிவகம் சி9ஏ00இலும் தரவுப் பதிவகம் சி9சி00இலும் தொடங்கும். இவ்விடங்களில் அடையாளக் குறி எதுவும் கிடையாது. அவற்றின் மேல் மேலாளர் ஒரு பக்கத்தைப் போர்த்திவிட்டால், இயக்கி அட்டைக்கு என்று எழுதும் ஒவ்வொரு கட்டளையும் வெறும் நினைவகத்தில் போய்த் தங்கிவிடும். அட்டை மௌனமாக இருக்கும். கணினி தட்டைத் தேடிக் காத்து நிற்கும்.

பகிர்வு நினைவகம் வைத்திருக்கும் பழைய வலையமைப்பு அட்டைகளிலும் இதே இடர் உண்டு. அந்த நினைவகம் அட்டையின் இயக்கி எழுப்பிய பிறகே தோன்றுவதால், முன்னதாக ஏறும் மேலாளரின் கண்ணுக்கு அது படுவதேயில்லை. கணினியின் அமைப்புத் திரையிலுள்ள நிழல் நினைவக வசதியும் மேலாளர் இல்லாமலே இதே கேட்டை விளைவிக்கக்கூடும். மெதுவான நிரந்தர நினைவகத்தின் நகலை விரைவான நினைவகத்தில் வைத்துக் காட்டும் அவ்வசதியை, பதிவகங்கள் உள்ள பகுதிக்கு இயக்கினால், அட்டை இருந்த இடத்தில் அதன் உயிரற்ற நகல் மட்டுமே எஞ்சும். ஆகவே தட்டு அட்டை அமர்ந்துள்ள பகுதிக்கு நிழலை அணைத்துவிட்டே ஆய்வைத் தொடங்குவது முறை.

இவ்வகை மோதலுக்குத் தீர்வு, கான்ஃபிக்.சிஸ் கோப்பிலுள்ள இஎம்எம்386 வரியில் எக்ஸ்= என்ற விலக்கு விருப்பத்தைச் சேர்ப்பதாகும். அவ்வரியில் முகவரியின் கடைசி இலக்கத்தை விட்டு எழுத வேண்டும். சி8000இல் 8 கிலோபைட் எடுக்கும் அட்டைக்கு எக்ஸ்=சி800-சி9எஃப்எஃப் என்றும், டிசி000இல் 16 கிலோபைட் எடுக்கும் அட்டைக்கு எக்ஸ்=டிசி00-டிஎஃப்எஃப்எஃப் என்றும் அமையும். தேவையான விலக்குகள் எத்தனையாயினும் ஒரே வரியில் அடுத்தடுத்துத் தரலாம். மாறாக, ஐ= என்ற சேர்ப்பு விருப்பமோ, மெம்மேக்கர் தீவிரத் தேடலுக்காகச் சேர்க்கும் ஹைஸ்கேன் சொல்லோ வரியில் காணப்பட்டால், ஆய்வின் போது அவற்றை நீக்கிவிட வேண்டும். ஹைஸ்கேன், காலியல்லாத இடத்தையும் சில கணினிகளில் காலியெனக் கொள்ளும்.

இரண்டாம் வகை மோதல்: இரண்டாகப் பிரிந்த முகவரி

முதல் வகையைவிட இது நுட்பமானது, விளைவோ கொடியது. வன்தட்டிலிருந்து தரவு நினைவகத்துக்கு வரும் வழிகளை அறிந்தாலன்றி இதை விளங்கிக்கொள்ள இயலாது.

ஏடி வகைக் கணினிகளின் சாதாரண ஐடிஇ தட்டில், செயலியே தரவை வாயில் வழியாகச் சொற்சொல்லாக வாங்கி நினைவகத்தில் வைக்கிறது. செயலியின் ஒவ்வொரு நினைவக அணுகலும் பக்க அட்டவணையைக் கடந்தே செல்வதால், தரவு எப்போதும் சரியான இடத்தை அடைகிறது. நேரடி நினைவக அணுகல் எனப்படும் டிஎம்ஏ முறையில், செயலியைத் தொந்தரவு செய்யாமல் 8237 என்ற தனிச் சில்லு தரவை நினைவகத்தில் இடுகிறது. அந்தச் சில்லுக்குப் பக்க அட்டவணை தெரியாது. எனினும் அதற்கு முகவரி தரப்படுவது உள்ளீட்டு வாயில்கள் வழியாக என்பதால், இஎம்எம்386 அவ்வாயில்களைக் காவல் காத்து, தவறான முகவரியைச் சரியானதாக மாற்றிவிடுகிறது. இதற்கென அது ஓர் இடைத்தேக்கத்தையும் வைத்திருக்கிறது; அந்த இடம் போதாதபோது டி= விருப்பத்தைக் கூட்டச் சொல்லும் செய்தி திரையில் வரும். 16 முதல் 256 வரை கிலோபைட் எண்ணிக்கையாக அதற்கு மதிப்பு தரலாம்.

ஏஹெச்ஏ-1542 போன்ற அட்டைகள் இவ்விரண்டு வழிகளையும் கையாளுவதில்லை. அவை பஸ் எனப்படும் தரவுப்பாட்டையின் ஆளுகையைத் தாமே ஏற்று, நினைவகத்தில் நேரடியாக எழுதுகின்றன. இது பஸ் மாஸ்டரிங் எனப்படும். தொழிற்சாலை அமைப்பில் அவ்வட்டை 5ஆம் டிஎம்ஏ வாய்க்காலைப் பெற்றிருந்தாலும், 8237 சில்லு பாட்டையை அதற்கு விட்டுக்கொடுப்பதோடு ஒதுங்கிக்கொள்கிறது. முகவரியை இடுவது அட்டையே. அட்டைக்கான கட்டளையை இயக்கி நினைவகத்தில் எழுதி வைக்க, அட்டை அதைத் தானே எடுத்து வாசித்துக்கொள்கிறது. இங்கே 8237இன் வாயில் வழியாக முகவரி எதுவும் செல்லாததால், மேலாளரின் காவலுக்கு அது தென்படுவதில்லை.

ஒரு நிரல் மேல் நினைவகத் தொகுதியில், டி0000 முகவரியில், தன் வாசிப்பு இடையகத்தை வைத்திருப்பதாகக் கொள்வோம். செயலியைப் பொறுத்தவரை அங்கே நினைவகம் இருக்கிறது. உண்மையிலோ அது நீட்டிப்பு நினைவகத்தின் ஏதோ ஒரு பக்கம். குடிபெயர்ந்து போனவரின் பழைய கதவு எண்ணுக்குத் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோவதுபோல, அட்டை தட்டிலிருந்து எடுத்த தரவை மெய்யான டி0000இல் கொண்டுபோய் இடுகிறது. அங்கே நினைவகமே இல்லாததால் தரவு மறைந்துபோகிறது. நிரலோ தன் இடையகத்தில் முன்பு கிடந்த பழைய குப்பையைத் தட்டிலிருந்து வந்ததாக எண்ணிக்கொள்கிறது. எழுதும்போது நேர்வது இதனினும் மோசம். அட்டை டி0000இலிருந்து பொருளற்ற பைட்டுகளை வாசித்து, தட்டின் நல்ல பிரிவின் மேல் எழுதிவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை, ஏனெனில் அட்டையின் கணக்கில் வேலை பிழையின்றி முடிந்துவிட்டது.

கீழுள்ள 640 கிலோபைட்டில் இஎம்எம்386 சாதாரணமாக முகவரிகளை மாற்றுவதில்லை என்பதால், அங்கே இடையகம் வைத்திருக்கும் நிரல்களுக்கு இத்தொல்லை இல்லை. ஒரே கணினியில் சில நிரல்கள் செம்மையாகவும் வேறு சில நிரல்கள் குப்பையையும் காட்டுவதற்குக் காரணம் இதுவே. ஆய்வாளர் கவனிக்க வேண்டிய மிகச் சிறந்த தடயமும் அதுதான்: தேய்ந்த தட்டு தட்டிலுள்ள இடத்தைப் பொறுத்துத் தவறும், முகவரி மோதலோ வாசிக்கும் நிரல் ஏறியுள்ள இடத்தைப் பொறுத்துத் தவறும்.

இக்குறைக்கு அக்காலத்தில் இரண்டு தீர்வுகள் உருவாயின. மெய்நிகர் டிஎம்ஏ சேவை, சுருக்கமாக விடிஎஸ், என்ற உடன்பாட்டின்படி, அட்டையின் இயக்கி நினைவக மேலாளரிடம் மெய்யான முகவரி எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டே அட்டைக்குச் சொல்லும். அடாப்டெக் அட்டைகளுக்கான ஆஸ்பி4டாஸ்.சிஸ் போன்ற இயக்கிகளின் பிற்காலப் பதிப்புகளைத் தேடிப் பெறுவதற்கு இதுவே தக்க காரணம். விடிஎஸ் அறியாத பழைய இயக்கியைச் செம்மையாக ஓட்ட வேறு வழி அரிது. மற்றொரு தீர்வு இரட்டை இடையகம். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் டிவைஸ்=சி:\டாஸ்\ஸ்மார்ட்டிரைவ்.இஎக்ஸ்இ /டபுள்_பஃபர் என்ற வரியைச் சேர்த்தால், அந்நிரல் மரபு நினைவகத்தில் ஒரு சிறு இடையகத்தை வைத்துக்கொண்டு, மாற்றப்பட்ட முகவரிக்குச் செல்லும் கோரிக்கை ஒவ்வொன்றையும் முதலில் அங்கே வரவழைத்து, பின்னர் செயலியைக் கொண்டு உரிய இடத்துக்குப் படியெடுத்துத் தரும். இவ்வரியில் டிவைஸ்ஹை என்று எழுதுவது தீர்வையே நோயாக்கிவிடும். அது மரபு நினைவகத்தில்தான் ஏற வேண்டும்.

இரட்டை இடையகம் தேவையா என்பதை, தட்டுத் தரவை நினைவகத்தில் தேக்கி வைக்கும் தேக்கக நிரலான ஸ்மார்ட்டிரைவ் தானே சொல்லும். அவ்வரியோடு கணினியைத் தொடங்கி, தேக்கக நிரலையும் ஏற்றி, சிறிது நேரம் தட்டைப் பயன்படுத்தியபின், ஸ்மார்ட்டிரைவ் என்று மட்டும் உள்ளிட்டால் வரும் பட்டியலில், இடையகம் பற்றிய பத்தியில் ஏதேனும் ஒரு தட்டுக்கு ஆம் என்று இருந்தால் அது தேவை. எல்லாத் தட்டுகளுக்கும் இல்லை என்று இருந்தால் வரியை எடுத்துவிடலாம். சிறுகோடு இருந்தால் நிரலால் இன்னும் முடிவு செய்ய இயலவில்லை என்று பொருள், அந்நிலையில் வரியை விட்டுவைப்பதே நன்று. இரட்டை இடையகம் பையாஸின் தட்டுச் சேவையான 13ஆம் எண் குறுக்கீட்டின் வழியில் நிற்பது. ஆஸ்பி என்ற ஸ்கஸி இடைமுகம் வழியாக அட்டையோடு நேரே பேசும் நிரல்களுக்கும் அது காவலாகும் என்று நம்பி இருந்துவிடலாகாது.

16 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்தப்பட்ட கணினியில் இன்னொரு தடையும் உண்டு. ஐஎஸ்ஏ பாட்டைக்கு 24 முகவரிக் கம்பிகளே இருப்பதால், அதிலுள்ள அட்டை 16 மெகாபைட்டுக்கு அப்பால் எட்டவே முடியாது. இயக்கிக்கு அந்த எல்லை தெரிந்திருந்தாலொழிய, ஆய்வுக்காக நினைவகத்தை 16 மெகாபைட்டுக்குக் குறைத்துப் பார்ப்பது விரைவான சோதனையாகும்.

மூன்றாவது இடம்: மரபு நினைவகத்தின் உச்சி

மேல் நினைவகத்தைத் துருவி ஆராய்வோர் 640 கிலோபைட்டின் கடைசி ஓரத்தை மறந்துவிடுவது உண்டு. பல கணினிகளில் பையாஸ் அங்கே ஒரு கிலோபைட்டை நீட்டிப்பு பையாஸ் தரவுப் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. அதனை இஎம்எம்386 மேல் நினைவகத்துக்கு இடம்பெயர்க்கும். பழைய இடத்திலேயே அதை எதிர்பார்க்கும் பையாஸும் இயக்கியும் அப்போது தடுமாறும். டாஸ் 6இல் நோமூவ்எக்ஸ்பிடிஏ என்ற சொல்லை இஎம்எம்386 வரியில் சேர்த்தால் அந்த இடமாற்றம் நிற்கும். ஏஎம்ஐ பையாஸ் கொண்ட கணினிகளில், பயனர் தாமே அளவு சொல்லும் 47ஆம் வகைத் தட்டின் விவரங்களை 0:300 முகவரியில் வைப்பதா, டாஸின் கடைசி ஒரு கிலோபைட்டில் வைப்பதா என்று கேட்கும் தெரிவு உண்டு. 0:300 என்பது குறுக்கீட்டு அட்டவணைக்குள் அடங்கும் இடமாதலால், வேறு நிரல் அங்கே எழுதினால் தட்டின் அளவே பையாஸுக்கு மறந்துபோகும். ஒரு கிலோபைட்டை இழப்பது மேல்.

உச்சியில் எவ்வளவு போயிற்று என்பதை டீபக்கில் டி 40:13 என்று உள்ளிட்டு அறியலாம். முதல் இரண்டு பைட்டுகள் 80 02 என்றால் 640 கிலோபைட் முழுமையாக உள்ளது; 7எஃப் 02 என்றால் 639. அட்டைகளும் பையாஸும் விளக்காத இரண்டு கிலோபைட் குறைவு, அதாவது 638, காணப்பட்டால் துவக்கப்பிரிவு வைரஸை ஐயுற வேண்டும். ஸ்டோன்ட் வைரஸ் தன்னை நினைவகத்தின் உச்சியில் மறைத்துக்கொண்டு தட்டுச் சேவையைக் கைப்பற்றுவது இவ்வாறே. பழைய ஃப்ளாப்பிகளோடு புழங்கும் சேகரிப்பாளர்களுக்கு இது இன்றும் வெறும் வரலாறு அன்று.

504 மெகாபைட் எல்லையைக் கடப்பதற்காகத் தட்டின் முதல் தடத்தில் நிறுவப்பட்ட ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர், இஇசட்-டிரைவ் போன்ற மேலடுக்கு நிரல்களும் டாஸுக்கு முன்பே ஏறி இதே உச்சியில் சில கிலோபைட்டைப் பிடித்துக்கொள்கின்றன. 1,024 உருளை, 16 தலை, 63 பிரிவு என்ற எல்லைக்குள் பழைய பையாஸ் காணக்கூடியது 52,84,82,304 பைட்டுகள் மட்டுமே. அதற்கு மேற்பட்டதை மேலடுக்கே மொழிபெயர்த்துக் காட்டுகிறது. இத்தகைய தட்டுள்ள கணினியை ஃப்ளாப்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கினால் தட்டு வெறுமையாகவோ சிதைந்ததாகவோ தெரியும். அந்நிலையில் எஃப்டிஸ்க் நிரலைத் தொடுவது முழு இழப்பில் முடியும். முதலில் வன்தட்டிலிருந்து தொடங்கி, மேலடுக்கு ஏறியபின் அது காட்டும் வழியில் ஃப்ளாப்பிக்கு மாற வேண்டும்.

ஆய்வின் வரிசை

டாஸ் 6 கணினியில் தொடக்கச் செய்தி தோன்றும்போது எஃப்5 விசையை அழுத்தினால், இரண்டு அமைப்புக் கோப்புகளும் தவிர்க்கப்பட்டு, மேலாளரோ தேக்ககமோ இல்லாத தூய நிலையில் கணினி எழும். டாஸ் 5இல் இவ்வசதி இல்லையாதலால் அமைப்புக் கோப்புகளற்ற தொடக்க ஃப்ளாப்பி தேவை. இந்நிலையிலும் தட்டு தவறு செய்தால் அது நினைவக மோதல் அன்று. கேபிள், ஸ்கஸி முடிவுத்தடை, மின்வழங்கி, தட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தட்டு சீராக நடந்துகொண்டால், முதல் வேலையாக முக்கியக் கோப்புகளை வேறோர் ஊடகத்துக்குப் படியெடுத்துவிட்டு, தேக்ககத்தின் அளவைவிடப் பெரிய ஒரு கோப்பின் இரண்டு பிரதிகளை வன்தட்டில் வைக்க வேண்டும். இனி ஐயத்துக்குரிய அமைப்பில் கணினியைத் தொடங்கி, எஃப்சி நிரலை /பி விருப்பத்தோடு ஓட்டி அவ்விரண்டையும் ஒப்பிட்டால், தட்டில் எதுவும் எழுதாமலே மோதல் வெளிப்படும். எஃப்சி மரபு நினைவகத்தில் ஏறுவதால் ஒப்பீடு சரியாக வந்துவிடக்கூடும் என்பதை நினைவில் வைத்து, லோட்ஹை சேர்த்தும் ஒருமுறை ஓட்ட வேண்டும். காப்பி கட்டளையின் /வி விருப்பத்தை இதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. அது தட்டில் எழுதப்பட்ட பிரிவு வாசிக்கத்தக்கதா என்று கேட்குமேயன்றி, எழுதப்பட்டது சரியான தரவா என்று பார்ப்பதில்லை.

பிழை வெளிப்பட்டபின், இஎம்எம்386 வரியில் எக்ஸ்=ஏ000-எஃப்எஃப்எஃப்எஃப் என்று முழு மேல் நினைவகத்தையும் விலக்கிப் பார்க்க வேண்டும். பிழை மறைந்தால் மோதல் உறுதியாயிற்று. எவ்வகை என்பது மட்டுமே எஞ்சும். அதற்கு விலக்கை எடுத்துவிட்டு, டிவைஸ்ஹை அனைத்தையும் டிவைஸ் ஆக்கி, லோட்ஹை சொற்களை நீக்கி, மேல் நினைவகத்தில் தானாகவே ஏறிக்கொள்ளும் ஸ்மார்ட்டிரைவுக்கு /எல் விருப்பத்தைத் தந்து, தொகுதிகள் இருந்தும் அவற்றில் எதுவும் ஏறாத நிலையை உண்டாக்க வேண்டும். ஒப்பிடும் எஃப்சியும் இப்போது லோட்ஹை இல்லாமலே ஓட வேண்டும். அந்நிலையில் பிழை தொடர்ந்தால், அட்டையின் இடத்தின் மேல் பக்கம் போர்த்தப்பட்டுள்ளது, அல்லது உச்சிப் பகுதி இடம்பெயர்ந்துள்ளது. பிழை மறைந்தால் முகவரிப் பிரிவே காரணம், இரட்டை இடையகமோ விடிஎஸ் அறிந்த இயக்கியோ தீர்வு. போர்த்தல் என்று தெரிந்தால், நோமூவ்எக்ஸ்பிடிஏ சேர்த்துப் பார்த்தபின், விலக்குப் பரப்பைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்று குற்றமுள்ள பகுதியைச் சுற்றி வளைக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றத்தைக் காகிதத்தில் எழுதி வைப்பது அவசியம்; டாஸ் 6இன் எஃப்8 விசை ஒவ்வொரு வரியையும் கேட்டு ஏற்றுவது இதற்குப் பேருதவி. சுருக்க நிரலான டபுள்ஸ்பேஸ் உள்ள தட்டில், டாஸ் 6.2 முதல் கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தி அதையும் விலக்கி எழுப்பலாம். அதன் அட்டவணைகள் கெட்டால் இழப்பு ஒரு கோப்போடு நிற்பதில்லை என்பதால், அங்கே எழுதாமை விதி இருமடங்கு பொருந்தும்.

ஆய்வு முழுவதும் தாமத எழுத்தை அணைத்தே வைக்க வேண்டும். டாஸ் 6.0இன் ஸ்மார்ட்டிரைவ், எழுத வேண்டியதை நினைவகத்தில் சிறிது நேரம் தேக்கி வைத்திருந்து பின்னர் எழுதுவதை இயல்பாகக் கொண்டிருந்தது. கணினி உறைந்தாலோ அணைக்கப்பட்டாலோ தேங்கியது இழக்கப்படும், அந்த இழப்பு மோதலின் விளைவோடு கலந்து ஆய்வையும் குழப்பும். கணினியை மறுதொடக்கம் செய்யுமுன் ஸ்மார்ட்டிரைவ் /சி என்று உள்ளிடுவது தேங்கியவற்றை எழுதிவிடும்.

குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் கியூஇஎம்எம் மேலாளர் பயன்பாட்டில் இருந்தால் பெயர்கள் மாறுமேயன்றி முறை மாறாது. பஸ் மாஸ்டர் அட்டைகளுக்காக அதில் டிஸ்க்பஃப் என்ற விருப்பம் உண்டு. நிரந்தர நினைவகத்தையே மறைத்து அதன் முகவரியையும் பயன்படுத்தும் ஸ்டெல்த் வசதியை ஆய்வின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

விண்டோஸ் 3.1 உள்ள கணினியில், டாஸ் நிலையில் எல்லாம் சீராக இருந்து விண்டோஸுக்குள் மட்டும் தவறு நேர்ந்தால், அதன் 386 மேம்பாட்டு முறையும் பக்கங்களை மாற்றி அமைக்கிறது என்பதைக் கருத வேண்டும். வின் /டி:எக்ஸ் என்று தொடங்கினால் அது மேல் நினைவகம் முழுவதையும் விட்டுவைக்கும். வின் /டி:எஃப் என்று தொடங்கினால் பையாஸைச் சுற்றிக்கொண்டு தட்டோடு நேரே பேசும் 32-பிட் தட்டு அணுகல் நிறுத்தப்படும். வின் /டி:வி என்பது வன்தட்டின் குறுக்கீட்டுச் சமிக்ஞையை விண்டோஸ் தானே கையாளாமல் பையாஸிடம் விட்டுவிடச் செய்யும். இவற்றுள் எது தவற்றை நிறுத்துகிறதோ, அதற்கு இணையான வரியைச் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் 386என்ஹெச் பகுதியில் நிலையாக எழுதிவிடலாம்: முதலாவதற்கு இஎம்எம்எக்ஸ்க்ளூட்=, இரண்டாவதற்கு 32பிட்டிஸ்க்அக்சஸ்=ஆஃப், மூன்றாவதற்கு விர்ச்சுவல்ஹெச்டிஐஆர்கியூ=ஆஃப். முதல் வரியில் முழுப் பரப்பையும் விட்டுவைக்காமல், டாஸ் நிலையில் இஎம்எம்386க்குக் கண்டறிந்த அதே விலக்குப் பரப்பைத் தருவது போதும்.